பட்டாணியோட வயித்துவலி

ஜனவரி 9

ஏ பாப்பா,

நல்லா இருக்கியா? உடம்பு எப்படி இருக்கு? வேளைக்குச் சாப்பிடுறியா? மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இதைக் கிழிச்சுப் போட்டுடாத. கிழிச்சுத்தான் தீரணும்னா கடைசி வரைக்கும் படிச்சிட்டுக் கிழி. நான்தான், உங்கண்ணன். எழுத்தைப் பாத்ததுமே கண்டுபிடிச்சிருப்ப. மூணாங்கிளாஸோட நின்னவன் கை, நண்டு ஓடுன மாதிரிதான் இருக்கும்.

விலாசம் எப்படிக் கெடைச்சதுன்னு கேப்ப. உங்கண்ணி தையல் டப்பாவுல, பொத்தானுக்கெல்லாம் அடியில, பன்னெண்டு வருஷமா மடிச்சு வச்சிருக்கா. முந்தாநாள்தான் எடுத்து நீட்டுனா. சுவத்தைத் தட்டிப் பாத்தே உள்ள எங்க தண்ணி கசியுதுன்னு சொல்றவன் நான். என் வீட்டுக்குள்ளயே ஒரு துண்டுக் காகிதம் இத்தனை வருஷம் இருந்திருக்கு, தெரியல.

சரி, விஷயத்துக்கு வரேன். ஊருக்கெல்லாம் அடைப்பு எடுக்கற என் வீட்டுக் கக்கூஸே அடைச்சுக்கிச்சு. சிரிக்காத. தெருவே சிரிச்சு முடிச்சிருச்சு. எதுத்த வீட்டு லாரிக்காரர் வாசல்ல நின்னுக்கிட்டு, "என்னய்யா, உனக்கு வேற ஆளை வரச்சொல்லவா, நல்ல வேலைக்காரரா ஒருத்தர் இருக்காரு"ங்கறாரு. நானும் "உங்க வீட்டுக்கு வரும்போது பேசிக்கறேன்"னு சொல்லிட்டு, கக்கூஸ் பைப்போட வளைவைக் கழட்டுனேன்.

இந்தக் கையால எத்தனையோ வளைவைக் கழட்டியாச்சு. ஒரு வீட்டுல பல்செட்டு எடுத்தேன். ரிட்டையர் ஆன வாத்தியாரோடது. மூணு மாசமா மருமக மேல சந்தேகப்பட்டுப் பேசாம இருந்திருக்காரு மனுஷன். பல்லைக் கழுவிக் கையில குடுத்தா, நன்றி கூட சொல்லல, பல்லை மாட்டிக்கிட்டு நேரா மருமககிட்டப் போய் "கொஞ்சம் தண்ணி குடும்மா"ன்னாரு. அவ்வளவுதான் சமாதானம். அதை விடு.

எங்க வீட்டு வளைவுல வந்தது கைக்குட்டை. சின்னச் சின்ன மூட்டை. ஒவ்வொண்ணையும் இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கு. ஒண்ணை அவுத்துப் பாத்தேன். உள்ள சோறு. மென்னது கூட இல்ல, பெசஞ்ச சோறு. பதினோரு மூட்டை இருந்துச்சு பாப்பா. எல்லாம் பட்டாணியோட ஸ்கூல் கைக்குட்டை.

பட்டாணி யாருன்னு மறந்திருக்க மாட்ட. என் பொண்ணுதான். நீ போனப்ப மூணு வயசு, உன் காலைக் கட்டிக்கிட்டு அழுதவ. இப்ப பதினஞ்சு. நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், தட்டு காலியாகாம ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. அப்பா வச்சது, அவரு போனப்பறமும் நான் விடல. இவ தட்டைக் காலி பண்றதுக்கு மடியில கைக்குட்டையை விரிச்சு வச்சுக்கிட்டு உள்ள தள்ளியிருக்கா. நானும் தினம் தட்டைப் பாத்துட்டு, "சபாஷ், என் பொண்ணு"ன்னு முதுகுல தட்டிக் குடுத்திருக்கேன்.

ஏன்டின்னு கேட்டேன். "சாப்பிட்டா வயிறு வலிக்குதுப்பா"ன்னா. சொல்லிட்டு நான் அடிக்கப்போறேன்னு நெனச்சு மொகத்தைத் திருப்பிக்கிட்டா. அந்த மொகம் அப்படியே உன் மொகம் பாப்பா. அதான் உங்கண்ணி அந்த விலாசத்தை எடுத்துட்டு வந்தா.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு உனக்கு நெஜமாவே வலிச்சுதா?

உங்கண்ணன்


ஜனவரி 17

அண்ணனுக்கு,

பாதி கிழிச்சேன். அப்பறம் டேப் போட்டு ஒட்டிப் படிச்சேன்.

நெஜமாவே வலிச்சுதான்னு கேட்டிருக்க. வலிச்சுது. அன்னைக்கு எனக்குப் பேசி வச்சிருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் சாப்பாட்டுக்கு வந்திருந்தாங்க. தட்டைக் காலி பண்ணுன்னு நீ தலைக்கு மேல நின்ன. பண்ணுனேன். மேசையிலயே வாந்தி எடுத்தேன். "நடிக்கிறா, சின்ன வயசுல இருந்தே இவ இப்படித்தான், வேலைன்னா கக்கூஸுக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவா"ன்னு அவங்க முன்னாடி சொன்ன. அவங்க போனதும் ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக் கக்கூஸ் தாழ்ப்பாளைக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்ட. அதுக்கப்பறம் ஆறு நாள், ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். ஏழாவது நாள் கெளம்பிட்டேன்.

என் வியாதிக்குப் பேரு இருக்கு. சிறுகுடல் அழற்சி. பேரு தெரியறதுக்கே நான் வீட்டை விட்டு வந்து அஞ்சு வருஷம் ஆச்சு.

என்னைப் பத்திப் போதும். பட்டாணியைப் பத்தி எழுது. அவளை நிக்க வச்சு நீ கேக்காத, அண்ணி கேக்கட்டும். வலி எந்தப் பக்கம்? தொப்புளுக்குக் கீழ வலதுபக்கமா? சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல வருது? சாயங்காலமானா காய்ச்சல் அடிக்குதா? வாய்க்குள்ள புண்ணு வருதா? மாசாமாசம் ஒழுங்கா தலைக்கு ஊத்திக்கறாளா? அப்பறம் அவ அளவு அனுப்பு. தோள், மார்பு, இடுப்பு, உயரம். அதோட அவளுக்குக் கடைசியா எப்ப ஸ்கூல் யூனிஃபார்மைப் பெருசா தச்சீங்கன்னும் எழுது.

நான் இங்க ரெடிமேடு கடையில ஆல்ட்டரேஷன் தைக்கறேன். ஆளை விட அளவு எனக்கு நல்லாப் புரியும்.

தங்கச்சி


ஜனவரி 26

பாப்பா,

நல்லா இருக்கியா? நீ எழுதுனதை உங்கண்ணி உரக்கப் படிச்சா, நான் கேட்டேன். தாழ்ப்பாள் கிட்ட வந்ததும் அவ நிறுத்திட்டா. அவளுக்கு அது தெரியாது. அந்த வாரம் அவ அம்மா வீட்டுல இருந்தா. இப்ப என்கிட்ட அளந்து அளந்துதான் பேசுறா. நான் சொல்ல வந்தது என்னன்னா, நீ உள்ள மயங்கி விழுந்துட்டா யாரு திறப்பாங்கற பயத்துலதான் அன்னைக்குக் கழட்டுனேன். நம்புனா நம்பு.

நீ கேட்டதுக்கெல்லாம் உங்கண்ணி பதில் வாங்கிட்டா. வலி வலதுபக்கம், கீழ. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல வருதாம். வாய்ப்புண்ணு இருக்கு. நானும் பாத்தேன், கண்டதைத் தின்னுறான்னு திட்டிருக்கேன். காய்ச்சல் எப்பவாச்சும். அந்த இன்னொரு விஷயம், அது இன்னும் வரவே இல்லையாம். உங்கண்ணி இத்தனை நாளா "ஒல்லியா இருக்கா, அதான் லேட்டாகுது"ன்னு நெனச்சிருக்கா.

அளவு எடுக்க வீட்டுல தையல் டேப்பைக் காணோம். என் இரும்பு டேப்பாலதான் எடுத்தேன். "அப்பா, நான் என்ன முக்கால் இஞ்சு பைப்பா?"ன்னு கேட்டா. சிரிச்சிக்கிட்டே கேட்டா. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, அப்பறம் அளவைப் பாத்ததும் நின்னு போச்சு. யூனிஃபார்ம் ரெண்டு வருஷத்துக்கு முந்தி தச்சது. இன்னைக்கும் தொளதொளன்னு இருக்கு. கூடப் படிக்கற பொண்ணுங்க எல்லாம் இவளை விட ஒரு தலை உயரம். குட்டையா இருக்கறது நம்ம பக்கத்து வாகுன்னு விட்டுட்டேன்.

தெரு முனை டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு பேரைக் கேட்டாலே தெருவுல பாதிப் பேருக்கு வியாதி குணமாயிடும், மிச்சப் பேருக்கு அவரு மருந்து குடுத்தும் ஆகாது. வயித்தை ரெண்டு விரலால அமுத்திட்டு, வாயுன்னாரு, பூச்சின்னாரு. ஒரு டானிக்கு, ஒரு பூச்சி மாத்திரை. பெரியாஸ்பத்திரிக்கும் சீட்டு எழுதிக் குடுத்தாரு, நான் கேட்டதால.

நீ எனக்குப் புரியற மாதிரி எழுது. அழற்சின்னா என்ன? பூச்சியா? அடைப்பா? அடைப்புன்னா எனக்குத் தெரியும்.

அண்ணன்


பிப்ரவரி 4

அண்ணனுக்கு,

பயத்துலதான் கழட்டுனேன்னு எழுதியிருக்க. அன்னைக்கு நீ சொன்னது, "இனி எங்க போய் ஒளியறன்னு பாக்கறேன்." இதுக்கு மேல அந்தப் பேச்சு வேணாம்.

உனக்குப் புரியற மாதிரின்னா பைப்பை வச்சுத்தான் சொல்லணும். ஆனா அதுதான் தப்பு. பைப்புக்கு உயிர் கிடையாது. குடலுக்கு உண்டு. உன் கையில கொதிக்கற தண்ணி பட்டா என்ன ஆகும்? செவக்கும், வீங்கும், தொட்டா உயிர் போகும். குடலோட உள்பக்கத் தோல் அந்த மாதிரி ஆகுது. யாரும் சுடுதண்ணி ஊத்தல. நம்ம உடம்புக்குள்ள காவலுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு, வெளியில இருந்து கிருமி வந்தா அடிக்கறதுக்கு. அது வீட்டாளையே திருடன்னு நெனச்சு அடிக்க ஆரம்பிச்சிடுது. ஏன்னு டாக்டருங்களுக்கே முழுசாத் தெரியல. சாப்பிட்டதால வந்தது இல்ல, சாப்பிடாததால வந்தது இல்ல, மனசுல நெனச்சு வரவச்சதும் இல்ல. ஒட்டாது. ஆனா குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தருக்கு வர்றதுக்குக் கொஞ்சம் வழி இருக்கு.

வீங்கின எடத்துல புண்ணு வரும். சாப்பாட்டுல இருந்து சத்தை உறிஞ்சறது சிறுகுடல்தான், அது புண்ணாக் கெடந்தா எவ்வளவு தின்னாலும் உடம்புல சேராது. அதான் உயரம் நிக்குது, அதான் அந்த இன்னொண்ணும் வரல. புண்ணு ஆறும்போது தழும்பு கட்டும். திரும்பப் புண்ணு, திரும்பத் தழும்பு. உள்ள வழி சின்னதாகிக்கிட்டே போகும். அப்படிச் சுருங்கின எடத்துல நீ தட்டு நெறையச் சாப்பாட்டைத் தள்ளுனா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

பெரியாஸ்பத்திரியில ரத்தம் பாப்பாங்க, வெளிக்கிப் போனதைப் பாப்பாங்க. பின்பக்கமா கேமரா விட்டுப் பாத்து துளி சதை எடுப்பாங்க. காசநோயும் குடலுல இதே வேஷத்துல வரும், ரெண்டுக்கும் மருந்து வேற வேற, அதனால பிரிச்சுப் பாத்துட்டுத்தான் குடுக்கணும். சீக்கிரம் புடிச்சா மாத்திரையிலயும் ஊசியிலயும் அடக்கிடலாம். முழுசாப் போகாது, அடங்கும். எனக்கு லேட்டாத்தான் புடிச்சாங்க. ரெண்டு அடி குடலை வெட்டி எடுத்துட்டாங்க. இந்தக் கடையில நான் வேலைக்குச் சேந்ததே, தையல் மெஷின்ல இருந்து கக்கூஸ் பன்னெண்டு தப்படிங்கறதுக்காகத்தான்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. இது தானாவே அடங்கும். ரெண்டு வாரம், ஒரு மாசம் வலியே இருக்காது. ஏமாந்துடாத.

தட்டு சட்டத்தை இன்னைக்கே எடுத்துடு.

தங்கச்சி


பிப்ரவரி 27

பாப்பா,

நல்லா இருக்கியா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நெஜமாவே நல்லா இருக்கோம், அதான் சந்தோஷமா எழுதுறேன். பட்டாணிக்கு வலி போயிடுச்சு! முனை டாக்டரு டானிக்கு வேலை செஞ்சிருச்சு. பதினெட்டு நாளாச்சு, ஒரு தடவை கூட வயித்தைப் பிடிக்கல. நேத்து ரெண்டு தட்டு சாப்பிட்டா. யாரும் சொல்லல, அவளாவே சாப்பிட்டா. உங்கண்ணி கண்ணுல தண்ணி.

பெரியாஸ்பத்திரியில இருபதாந்தேதி வரச்சொல்லியிருந்தாங்க. போகல. கோவிச்சுக்காத, கேளு. ஸ்கூல் கட்டடத்துக்கு மேல்தொட்டி மாத்தற வேலை, பிள்ளைங்களுக்குத் தண்ணி இல்லாம நாலு நாளா மூடிக் கெடந்துச்சு. என்னை விட்டா ஆள் இல்ல. அந்தத் தொட்டியைப் பத்திச் சொல்லணும், உள்ள எறங்குனா ஒரு ஆமை. உசுரோட! எப்படி மாடி ஏறுச்சு, யாரு விட்டதுன்னு தெரியல. ஹெட்மாஸ்டரு "அது எத்தனை வருஷமா தண்ணியைச் சுத்தம் பண்ணிருக்கோ"ங்கறாரு, வாட்ச்மேன் "எத்தனை வருஷமா அசுத்தம் பண்ணிருக்கோ"ங்கறான். ரெண்டு பேரும் சட்டையைப் பிடிக்காத கொறை. அடுத்த மாசம் பதினெட்டுக்கு வேற தேதி வாங்கியிருக்கேன்.

இன்னொண்ணும் சொல்றேன், மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியல. உனக்கு வந்தது எல்லாருக்கும் வரணுமா பாப்பா? கேமராங்கற, வெட்டுங்கற. வயசுப் பொண்ணு. பின்பக்கமா கேமரா விடுவாங்கன்னு சொன்னதும் அழுது தீத்துட்டா. நீ போனப்ப எங்க போறன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனியா? ரயிலடி, பஸ் ஸ்டாண்டு, ஆத்தோரம் எல்லாம் நான் எப்படித் தேடினேன்னு உனக்குத் தெரியுமா? ஆத்தோரத்துல எதுக்குத் தேடினேன்னு நீயே யோசி. நீ மட்டும்தான் வலிபட்டன்னு எழுதாத.

அண்ணன்


மார்ச் 5

அண்ணனுக்கு,

பதினெட்டு வரைக்கும் வேணாம். இப்பவே போ. அடங்கியிருக்குன்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தமில்ல, எழுதியிருந்தேனே.

வயிறு உப்பி, கல்லு மாதிரி ஆகி, வாந்தி பச்சையா வந்து, காத்து கூடப் பிரியலன்னா யாரையும் கேக்காத, தூக்கிட்டு ஓடு. வாய்க்கு எதுவும் குடுக்காத. சாப்பாடு வேணாம். பேதி மருந்து குடுக்கவே குடுக்காத.

கீழ என் ஃபோன் நம்பர். என்கூடப் பேசறதுக்கு இல்ல. அவளுக்காக.

ஆத்தோரம் தேடுனது எனக்குத் தெரியாது.

தங்கச்சி


மார்ச் 18

பாப்பா,

பட்டாணி உசுரோட இருக்கா. அதை மொதல்ல எழுதிடுறேன். மிச்சத்தை உக்காந்து படி.

உன் கடுதாசி ஒம்பதாந்தேதியே வந்துச்சு. உறை மெலிசா இருந்துச்சு. நான் எழுதுனதுக்குத் திட்டித்தான் எழுதியிருப்பன்னு நெனச்சு, பிரிக்காம ஸ்பேனர் பையில போட்டுட்டேன். கோவம் ஆறுனதும் படிச்சுக்கலாம்னு. அது பையிலயே கெடந்துச்சு, நான் அந்தப் பையைத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் அடைப்பு எடுத்துக்கிட்டுத் திரிஞ்சேன்.

பன்னெண்டாந்தேதி காலையில வலின்னா. வயிறு உப்பியிருந்துச்சு. ரெண்டு நாளா வெளிக்கிப் போகலையாம். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான் பாப்பா. அடைச்சா மேல இருந்து தண்ணியை அடிச்சுத் தள்ளணும். இருபத்தெட்டு வருஷமா அதைத்தான் பண்றேன். மருந்துக்கடையில பேதிக்கு வாங்கிட்டு வந்தேன். "வேணாம்ப்பா, ரொம்ப வலிக்குதுப்பா"ன்னா. உங்கண்ணியும் "பாப்பாவைக் கேட்டுட்டுக் குடுக்கலாம்"னா. "எனக்குத் தெரியாததையா அவ சொல்லிடப் போறா"ன்னேன். டம்ளர் காலியாகற வரைக்கும் தலைக்கு மேல நின்னேன்.

மத்தியானம் ஆகல, பச்சையா வாந்தி. அப்பறம் அவ கத்தறதை நிறுத்திட்டா. கத்துனப்ப இருந்த பயத்தை விட நிறுத்துனப்ப பயம் ஜாஸ்தி. லாரிக்காரருதான் வண்டியில போட்டு ஓட்டுனாரு. எப்பவும் என்னைக் கேலி பேசுற மனுஷன், ரோட்டையே பாத்துக்கிட்டு வழி முழுக்க வேகம் கொறைக்கல. ஹாரன்ல வச்ச கையை எடுக்கவே இல்ல.

உள்ள எடுத்துட்டுப் போனப்பறம், வராந்தாவுல உக்காந்து சீட்டைத் தேடிப் பையில கையை விட்டேன். உன் கடுதாசி வந்துச்சு. அங்கதான் படிச்சேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் நான், உனக்குத் தெரியும். ஒவ்வொரு வார்த்தையா வந்துச்சு. பேதி. மருந்து. குடுக்கவே. குடுக்காத.

ஆபரேஷன் பண்ணுன டாக்டரம்மா ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டுனாங்க. வழி பென்சில் முனை அளவுக்குச் சுருங்கிக் கெடந்துச்சாம். அதுக்கு மேல்பக்கம் ஓட்டையாகிப் போச்சு. ஒன்னரை அடி எடுத்துட்டாங்க. குடலோட வாயை வயித்துக்கு வெளிய எடுத்துப் பை ஒட்டியிருக்காங்க. ஆறு மாசம் கழிச்சு உள்ள வைக்கலாமாம், எல்லாம் நல்லபடியா இருந்தா. "நான் குடுத்த மருந்தாலயா?"ன்னு கேட்டேன். அந்தம்மா நல்லவங்க. "ஏற்கனவே ரொம்பச் சுருங்கியிருந்துச்சு"ன்னாங்க. நான் திரும்பக் கேட்டேன். "குடுத்திருக்கக் கூடாது"ன்னாங்க.

வீட்டுல யாருக்காச்சும் இந்த மாதிரி இருக்கான்னும் கேட்டாங்க. ஆமாம்மா, என் தங்கச்சிக்குன்னேன். மொத தடவையா வாய்விட்டுச் சொன்னேன்.

பட்டாணி கண்ணு முழிச்சதும் வயித்தைத் தொட்டுப் பாத்தா. அதுல இருந்து என்கிட்டப் பேசல. நான் கிட்டப் போனா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறா.

அண்ணன்


மார்ச் 25

அண்ணனுக்கு,

மூணு கடுதாசி எழுதினேன். மொதல்ல எழுதுனதை நீ படிச்சா தாங்க மாட்ட. ரெண்டாவதை நானே தாங்கல. இது மூணாவது.

பன்னெண்டு வருஷத்துல, எனக்கு இந்த வியாதின்னு ஒரு வரி நான் எழுதிப் போட்டிருந்தா, பட்டாணி மொத தடவை வயித்தைப் பிடிச்சப்பவே அண்ணி கூட்டிட்டு ஓடியிருப்பா. அண்ணிக்கு விலாசம் மட்டும்தான் அனுப்புனேன். வியாதியை எழுதல. நீ தெரிஞ்சுக்கிட்டா வருத்தப்படுவ, வருத்தப்பட்டா உன் மேல எனக்கு இருக்கற கோவம் போயிடும்னு எழுதல. கோவத்தை அவ்வளவு பத்திரமா வச்சிருந்தேன். அதுக்கும் சேத்து அந்தப் புள்ளதான் குடலைக் குடுத்திருக்கு. டம்ளரைப் புடிச்சது நீ ஒருத்தன் மட்டும் இல்ல.

உன்னை மன்னிச்சிட்டேன்னு எழுத வரல. பொய்யா எழுத வேணாம்னு விட்டுட்டேன்.

பையைப் பத்திச் சொல்றேன், எனக்கும் எட்டு மாசம் இருந்துச்சு. மூணுல ஒரு பங்கு ரொம்புனதுமே காலி பண்ணிடணும், கனம் தாங்காம பிச்சுக்கும். சுத்தித் தோல் ஈரமில்லாம காஞ்சிருந்தாத்தான் ஒட்டும். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற சதையோட அளவுக்கு மேல மயிரிழை மட்டும் விட்டுப் பையோட ஓட்டையை வெட்டணும். பெருசா வெட்டிட்டா கசிஞ்சு தோலை அரிச்சிடும், அந்த எரிச்சல் வலியை விடக் கொடுமை. தண்ணியும் உப்பும் நெறையப் போகும், குடிச்சுக்கிட்டே இருக்கணும். யாரும் மூக்கைச் சுளிக்கக் கூடாது. சுளிக்கறவங்களை உள்ள விடாத, உன் பொண்டாட்டியா இருந்தாலும்.

அவளுக்கு ரெண்டு கவுன் தச்சு அனுப்பியிருக்கேன், உள்பக்கம் பைக்கு ஒரு அறை வச்சு. வெளிய தெரியாது. நீ அனுப்புன அளவுல தைக்கல. ரெண்டு இஞ்சு கூட வச்சு மடிச்சுத் தச்சிருக்கேன். வளருவா, பிரிச்சு விட்டுக்கலாம்னு சொல்லு.

நான் வர முடியல. வரமாட்டேன்னு சொல்லல, முடியல. பத்து நாளா எனக்குத் திரும்ப வந்திருக்கு. கவுனைத் தச்சு முடிச்ச மறுநாளே சேத்துட்டாங்க, இதை ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்துதான் எழுதுறேன், ஒரு கையில ட்ரிப்ஸ். எழுத்து உன் எழுத்து மாதிரியே இருக்கும், சிரிச்சுக்கோ.

தங்கச்சி


ஏப்ரல் 3

பாப்பா,

எப்படி இருக்க? நெஜமாவே கேக்கறேன். எந்தக் கை ட்ரிப்ஸ்ல? பக்கத்துல யாரு இருக்கா? தண்ணி எடுத்துக் குடுக்க ஆள் இருக்கா? நீ மன்னிக்க வரலன்னு எழுதுனியே, அதைப் படிச்சப்ப எனக்கு மூச்சு கொஞ்சம் லேசாச்சு. ஏன்னு தெரியல. பொய் இல்லாம ஒருத்தர் என்கிட்டப் பேசுனாங்கற மாதிரி இருந்துச்சு. இங்க எல்லாரும் "உங்க மேல தப்பில்ல"ங்கறாங்க.

கவுன் வந்துச்சு. பட்டாணி அதை வாங்கி மடியில வச்சுக்கிட்டு, உள்ள அந்த அறைக்குள்ள கையை விட்டு விட்டுப் பாத்தா. "அத்தைக்கும் இருந்துச்சாம்மா?"ன்னு உங்கண்ணியைக் கேட்டா. அவகிட்டப் பேசுறா, நர்ஸுகிட்டப் பேசுறா, பக்கத்துக் கட்டில் அம்மாகிட்டக் கூட தொணதொணங்கிறா. என்கிட்ட மட்டும் இல்ல. இன்னையோட இருபத்திரெண்டு நாள்.

பை நிக்கவே மாட்டேங்குது பாப்பா. ஒட்டுன மூணு மணி நேரத்துல கசியுது. நர்ஸு நல்லாத்தான் ஒட்டுது, இருந்தாலும் கசியுது. தோலு செவந்து போய், துணி படுறப்ப எல்லாம் உதட்டைக் கடிச்சுக்கறா. நான் வாசல்ல நின்னு பாக்கறேன், உள்ள போனா திரும்பிக்குவா.

அதுக்கு நான் என்ன பண்ணேன்னு சொன்னா நீ என்னைக் கிறுக்கன்னு சொல்லுவ. நர்ஸுகிட்டக் கெஞ்சி ஒரு பையை வாங்கி, என் வயித்துலயே ஒட்டிக்கிட்டேன். அவளுக்கு இருக்கற அதே எடத்துல. உள்ள தண்ணியை ஊத்திக்கிட்டு மூணு நாள் அலைஞ்சேன். மாடிப்படி ஏறுனேன், குனிஞ்சேன், பெஞ்சுல ஒருக்களிச்சுப் படுத்தேன். டீக்கடையில நிக்கும்போது பிச்சுக்கிட்டு வேட்டியெல்லாம் தண்ணி. கடைக்காரரு "என்னண்ணே, இந்த வயசுல"ன்னாரு. "வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லப்பா"ன்னு சொல்லிட்டு அப்படியே நின்னேன். எல்லாரும் பாத்தாங்க. அந்த ஒரு நிமிஷம் எப்படி இருந்துச்சுன்னா, அதை எழுத எனக்குத் தெரியல. நீ பஸ்ஸுல, கடையில, எத்தனை தடவை அப்படி நின்னிருப்ப.

ஆனா கசியற எடத்தைக் கண்டுபிடிச்சிட்டேன். உக்காரும்போது தொப்புள் பக்கமா ஒரு மடிப்பு விழுது. படுக்க வச்சு ஒட்டறாங்க, அப்ப மடிப்பு தெரியாது. உக்காந்ததும் அங்க வாய் திறந்துக்குது. உக்கார வச்சு, அந்த மடிப்புல பசையை வச்சு ரொப்பிட்டு ஒட்டணும். நர்ஸுகிட்டச் சொன்னேன். அந்தப் பொண்ணு "நீங்க எந்த ஆஸ்பத்திரியில வேலை பாத்தீங்க?"ன்னு கேட்டுச்சு. நீங்களே செஞ்சு காட்டுங்கன்னுச்சு. பட்டாணி தலையாட்டிட்டா, வேணாம்னு. சரின்னு வெளிய வந்துட்டேன். அவ வயிறு, அவதானே சொல்லணும்.

இப்ப வார்டு வாசல்ல, பெஞ்சுல உக்காந்து இதை எழுதுறேன். கதவு திறந்துதான் இருக்கு. நீ எந்த வார்டு, அங்க எந்த பஸ்ஸு வரும்னு எழுது. இவளை வீட்டுல விட்டதும் நான் வரேன். நீ வேணாம்னாலும் வருவேன், உள்ள விடலன்னா வராந்தாவுல உக்காந்திருக்கேன், எனக்கு வராந்தா பழகிப் போச்சு. வந்து உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும், வலிக்கும்போது உனக்கு பக்கத்துல யாராச்சும்

இரு பாப்பா. கூப்பிடுறா. என்னைத்தான் கூப்பிடுறா. "அப்பா, கசியுதுப்பா, நீங்க வாங்க"ன்னு பட்டாணி என்னைத்தா